இருபத்திரண்டு ஒன்ஸ்மோர்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். விழுப்புரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மூட்டை நனைந்தால் கோபம், டீ ஆறிப்போனால் கோபம். அதெல்லாம் அரைமணி நேரக் கோபம். ஆறாத கோபம் ஒன்றே ஒன்றுதான். சினிமா பார்த்துவிட்டு வந்த எவனாவது, "அந்தப் பொடியனைப் போட்டு மொத்துவான் பாரு, சிரிச்சிச் சிரிச்சி வயிறே புண்ணாயிடிச்சி" என்று என் காதுபட ஆரம்பித்தால் போதும், கையில் இருக்கிற பெட்டியைக் கீழே வைத்துவிடுவேன்.

"அந்தப் பொடியன் இடத்துல நீ நின்னுக்கினு சிரி பார்க்கலாம்" என்பேன்.

"அட, நடிப்புதாம்பா அது" என்பார்கள்.

நடிப்பாம்! அந்த நடிப்பைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்த மனுஷர் ஒருவரை எனக்குத் தெரியும். பார்த்ததனால் அவருக்கு வேலை போயிற்று. அவருக்கு வேலை போனதனால் நான் பிழைத்தேன். அவர் பெயர் சவுரிராயன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப வருஷமாக நினைப்பு. திட்டுவதென்றால் எனக்கு நாக்கு தானாக ஓடும், நன்றி சொல்வதென்றால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு உட்கார்ந்துவிட்டேன்.

சவுரிராயன் அண்ணனுக்குச் சொந்த ஊர் கண்டமங்கலம் பக்கம். அப்பா தினமும் பாண்டிச்சேரிக்குப் போய் மில் வேலை பார்த்தவர். மகனையும் அங்கேயே நுழைத்துவிடலாம் என்று இருந்தார். மகன் பதினாறு வயதில் ஒரு சினிமாக் கொட்டாயில் ஆயில் என்ஜின் துடைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டார். பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி ஆபரேட்டர் ஆனார். குள்ளமான உருவம், தொப்பை, எண்ணெய் பிசுக்கேறிய அரைக்கை சட்டை. சிரிப்புப் படம் என்றால் அவருக்கு உயிர். மிஷின் போடுகிற சத்தத்தையும் மீறி அவர் சிரிப்பது கேபினுக்கு வெளியே கேட்கும். பார்த்த சீனையே நூறாவது தடவை பார்த்தாலும் முதல் தடவை பார்க்கிறவர் மாதிரிதான் சிரிப்பார். மனைவி லூர்துமேரி விழுப்புரத்தில் இருந்தார். இவர் வேலை எந்த ஊரில் கொட்டாய் போடுகிறார்களோ அந்த ஊரில்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் திண்டிவனத்தில், மயிலம் போகிற ரோட்டோரம், சுப்பராயலு என்கிறவர் ஒரு கீத்துக் கொட்டாய் போட்டிருந்தார். தரையில் மணல். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். படம் காட்ட ஒரே ஒரு மிஷின். ரெண்டு மிஷின் இருந்தால் ஒரு ரீல் முடிவதற்குள் அடுத்ததை ஓட்டிவிடலாம். ஒன்றுதான் இருந்தால் ரீல் தீர்ந்ததும் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அதனால் ஒரு ஆட்டத்துக்கு மூன்று இடைவேளை. ஜனங்களுக்குச் சலிப்பே கிடையாது. மூன்று தடவை எழுந்து வெளியே வந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த டீக்கடையில்தான் நான் இருந்தேன். பன்னிரண்டு வயது. பெயர் மண்ணாங்கட்டி. சிரிக்க வேண்டாம். எனக்கு முன்னால் பிறந்த ரெண்டும் தங்கவில்லை. இதையாவது எமன் சீண்டாமல் போகட்டும் என்று என் அம்மா அஞ்சம்மாள் வைத்த பெயர். ஊர் பெருமுக்கல். அப்பா செத்த பிறகு அம்மா களை பறிக்கவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கவும் கூலிக்குப் போனாள். வேலை இல்லாத மாசங்களில் கேப்பைக் கூழுக்கும் திண்டாட்டம். "டவுன்ல மூணு வேளை சோறு போடுவாங்கடா" என்று என்னை அப்பாதுரையின் கடையில் விட்டுவிட்டுப் போனாள்.

அப்பாதுரையை ராட்சசன் என்று சொல்ல மாட்டேன். சோறு போட்டார். தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார். கிளாஸ் உடைந்தால் ஒரு அறை வைப்பார். அந்தக் காலத்தில் எந்தக் கடையில் அது இல்லை? நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் படம் வருகிறவரை.

படத்தின் பெயர் எதற்கு? கதையும் எனக்கு இப்போது மறந்துவிட்டது. மறக்காதது அந்தக் காமெடி. ஓட்டல் முதலாளி ஒருத்தன், எடுபிடிப் பையன் ஒருத்தன். பையன் எதைச் செய்தாலும் தப்பாகப் போகும். முதலாளி பளாரென்று பின்னந்தலையில் ஒன்று வைப்பான். பையன் பம்பரமாக மூன்று சுற்றுச் சுற்றி மாவுப் பாத்திரத்துக்குள் தலைகுப்புற விழுவான். வெள்ளை வெளேரென்று முகத்தைத் தூக்குவான். மறுபடியும் பளார். இதுதான் விஷயம். கொட்டாயே அதிர்ந்தது. மணலில் புரண்டு சிரித்தவர்களை நான் பார்த்தேன்.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அந்தச் சீன் முதல் இடைவேளைக்குச் சற்று முன்னால், ரீலின் வால் பகுதியில் வந்தது. சீன் முடியும், ரீல் தீரும், விளக்கு எரியும். ஜனம் எழுந்திருக்காது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கத்தும். ரீலின் வால்தானே, கையால் கொஞ்சம் பின்னால் சுற்றினால் போதும். சவுரிராயன் அண்ணனுக்கு அதில் அலாதி சந்தோஷம். "இந்தா வாங்கிக்கோ" என்று கேபினிலிருந்து குரல் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். தானும் சிரிப்பார்.

சிரித்த வாயோடு ஜனம் நேராக எங்கள் கடைக்கு வரும். அங்கேயும் ஒரு முதலாளி, ஒரு எடுபிடிப் பையன், ஒரு மாவு டின். முதல் நாளே ஒருத்தன் கேட்டுவிட்டான். "இன்னா அப்பாதுரை, உன் பையனுக்கு ஒண்ணு வையேன், சுத்தறானா பார்க்கலாம்."

அப்பாதுரை சிரித்துக்கொண்டே வைத்தார். லேசாகத்தான். நான் சுற்றினேன். கொல்லென்று ஒரு சிரிப்பு.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அன்று தலைகால் புரியவில்லை. என்னை அதுவரை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இப்போது ஐம்பது பேர் பார்த்தார்கள். ரெண்டாம் நாள் மாவு டின்னில் தலையை விட்டேன். மூன்றாம் நாள் கடையைச் சுற்றி இடம் பிடித்து நின்றார்கள். "மண்ணாங்கட்டி ஆட்டம்" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அப்பாதுரையின் கடையில் அதற்குமுன் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. நாலாவது நாள், லேசாக அடித்தால் சத்தம் கேட்கவில்லை என்று பின்வரிசையில் ஒருத்தன் குறைப்பட்டான். அப்பாதுரை சத்தம் கேட்கிற மாதிரி அடித்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆட்டத்துக்கு மூன்று இடைவேளை, ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டம். ஆறு தடவை. ஒரு வாரம் ஆவதற்குள் இடது காதில் குய்யென்று ஒரு சத்தம், நிற்காமல். எட்டாம் நாள் காதிலிருந்து சீழ் வந்தது. தலையணையாக வைத்துக்கொள்ளும் சாக்கில் ஒட்டிக்கொண்டது.

"மொதலாளி, காது வலிக்குது. இன்னிக்கு வேணாம்" என்றேன்.

"இன்னும் நாலு நாள் படம். ஜனங்க ஆசையா கேக்கறாங்கோ. தமாஷுதானடா, அதுக்குப் போயி மூஞ்சைத் தொங்கப் போடறியே" என்றார்.

தமாஷ் என்று சொல்லிவிட்டால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. இது எனக்கு அந்த வயதிலேயே புரிந்துவிட்டது. அழுதால் அதற்கும் சிரித்தார்கள். படத்துப் பையனும் அழுவது போல முகத்தைக் கோணுவானே, அதை நான் அச்சாகச் செய்கிறேனாம். ஒருத்தர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "நீ மெட்ராஸ் போவணும்டா" என்றார்.

பதினோராம் நாள் ரெண்டாவது ஆட்டத்தில், ஒன்ஸ்மோர் ஓடிக்கொண்டிருக்கும்போது பிலிம் அறுந்தது. அதே இடத்தைத் திரும்பத் திரும்ப இழுத்துச் சுற்றினால் அறாமல் என்ன செய்யும்? அண்ணன் அவசரத்துக்கு ஒட்டிப்போட்டு ஆட்டத்தை முடித்தார். மறுநாள் ஞாயிறு. மத்தியானம் கேபினில் உட்கார்ந்து, அறுந்த இடத்தை ஒழுங்காக ஒட்டப் பிரித்தார். ஒட்டுவதென்றால் ரெண்டு பக்கமும் கிழிந்துபோன நாலைந்து குட்டிப் படங்களை நறுக்கி எறிய வேண்டும். நறுக்கிய துண்டை எறிவதற்கு முன் சும்மா ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

அவர் பார்த்ததை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். முதலாளி நடிகனின் கை இன்னும் மேலேயே இருக்கிறது. பையன்மேல் படவே இல்லை. ஆனால் பையனின் தோள் ரெண்டும் காதுவரை ஏறியிருக்கின்றன. கண்ணை இறுக மூடியிருக்கிறான். கன்னத்தில் கோடாக ஈரம். படத்தில் அந்தப் பையன் பின்னாலிருந்து அடி வருவதே தெரியாதவன் மாதிரி நிற்க வேண்டும், அதுதான் தமாஷ். அப்படியென்றால் கை இறங்குவதற்கு முன்னாலேயே அவன் ஏன் சுருங்க வேண்டும்? அந்த அடியை அவன் ஏற்கெனவே எத்தனை தடவை வாங்கினானோ! ஓடும்போது இது கண் மூடித் திறக்கிற நேரம்கூட இல்லை. எவனுக்குத் தெரியும்? நாற்பது தடவைக்கு மேல் ஓட்டியவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து நான் டீ கொண்டுபோனேன். கேபின் ஏணியில் ஏறி, வாசலில் நின்று, "அண்ணே, டீ" என்றேன். அவர் பிலிம் துண்டை மேலே உள்ள பலகையில் வைப்பதற்காகக் கையை உயர்த்தினார். அவ்வளவுதான். என் கையிலிருந்த டீ பாதி கீழே சிந்திவிட்டது.

அண்ணன் உயர்த்திய கையை இறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாடா, நான் அடிக்கவா போறேன்?"

"தெரியலண்ணே."

"இப்ப தோளை ஏத்திக் கண்ணை மூடினியே, எதுக்கு?"

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அதுவா ஆவுது."

"காதுல இன்னாது பஞ்சு?"

"தமாஷுக்குத்தாண்ணே. மொதலாளி தமாஷுக்கு அடிக்கறாரு. ஜனங்க சிரிக்கறாங்கோ. நீங்க கேட்டதில்லியா?"

அவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு இடைவேளையிலும் வெளியே சிரிப்பு எழும்போது, அவர் அடுத்த ரீலை மாட்டிக்கொண்டு, படத்தை நினைத்துத்தான் ஜனம் இன்னும் சிரிக்கிறது என்று எண்ணி, கூடவே தானும் சிரித்திருக்கிறார். ஆபரேட்டர் ஆட்டம் முடியும்வரை கேபினை விட்டு இறங்குவதில்லை. அதனால் என் ஆட்டத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றைக்குக் கிடுகிடுவென்று இறங்கிக் கடைக்குப் போனார். அப்பாதுரையை நேருக்கு நேர் கேட்டார்.

அப்பாதுரை வடைச்சட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீ திரையில போட்டா தமாஷு, நான் கடையில போட்டா அடியா? ரெண்டு வாட்டி ரெண்டு வாட்டி ஓட்டிக் காட்டனது யாரு, நானா?" என்றார்.

அண்ணன் திரும்பி நடந்தார். சுப்பராயலு முதலாளியிடம் போனார். இன்று முதல் அந்தச் சீனுக்கு ஒன்ஸ்மோர் வேண்டாம் என்றார். "வேணாம்னா ஜனம் கொட்டாயைக் கொளுத்திடும். பேஜாரு பண்ணாத, போயி மிஷினைப் பாரு" என்று அவர் முடித்துவிட்டார்.

அண்ணன் கேபினுக்குத் திரும்பினார். சினிமாக் கொட்டாயில் சிலைடு போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். கண்ணாடியில் மை பூசி, ஊசியால் கீறி, 'புகை பிடிக்காதீர்' என்றோ, 'விரைவில் வருகிறது' என்றோ எழுதி வெளிச்சத்தில் காட்டுவது. அதற்கு மிஷின் பக்கத்திலேயே ஒரு தனி லென்ஸ் உண்டு. அண்ணன் ஒரு பழைய கண்ணாடியைத் துடைத்தார். நறுக்கிய துண்டிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்து நடுவில் வைத்து, மேலே இன்னொரு கண்ணாடியை வைத்து, சுற்றிலும் கறுப்புக் காகிதம் ஒட்டினார்.

அன்று முதல் ஆட்டத்துக்குப் பெருமுக்கலிலிருந்து ஒரு மாட்டு வண்டி நிறைய ஜனம் வந்திருந்தது. அதில் என் அம்மாவும் வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. இடைவேளையில் கடைக்கு வந்து என்னைப் பார்க்கலாம் என்று மடியில் வறுத்த மல்லாட்டையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சீன் வந்தது. எல்லாரையும் போல அவளும் சிரித்திருக்கிறாள். பின்னாளில் இதைச் சொல்லிச் சொல்லி அழுவாள். "நானும் சிரிச்சேன்டா" என்பாள்.

சீன் முடிந்தது, விளக்கு எரிந்தது, "ஒன்ஸ்மோர்" எழுந்தது. விளக்கு அணைந்தது. விசில் பறந்தது. நான் கடையிலிருந்து, தட்டி இடுக்கு வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஓடவில்லை. திரையின் நடுவில், ஒரு பாய் அகலத்துக்கு, அந்தப் பையனின் படம் மட்டும் வந்து நின்றது. மேலே ஓங்கிய கை. கீழே சுருங்கிய தோளும் மூடிய கண்ணும் ஈரக் கன்னமும்.

"ஏய், படம் நின்னுபோச்சி, ஓட்டுடா" என்று ஒருத்தன் கத்தினான். ரெண்டு பேர் மணலை அள்ளித் திரைமேல் எறிந்தார்கள். படம் அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "அடியே, புள்ள நெஜமா அழுவுதுடி" என்றது. அதற்குப் பிறகு ஆயில் என்ஜின் சத்தம்தான் கேட்டது. எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு விளக்கு எரிந்தது.

வழக்கமாக முண்டியடித்துக்கொண்டு வருகிற ஜனம் அன்று மெதுவாக வந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? ஒருத்தன் பெஞ்சில் குந்தி, "இன்னா அப்பாதுரை, நம்ம ஆட்டம் உண்டா இல்லியா?" என்றான். அப்பாதுரையும் பழக்கத்தில் கையை ஓங்கிவிட்டார்.

என் தோள் ஏறியது. கண் மூடிக்கொண்டது. அடி விழவில்லை. சிரிப்பும் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். கடையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் சற்று முன் பார்த்ததையே நேரிலும் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அம்மா முன்னால் வந்தாள்.

மடியிலிருந்த மல்லாட்டையை என் கையில் கொட்டினாள். என் காதிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகு மாவு டின்னை ரெண்டு கையாலும் தூக்கி அப்பாதுரையின் தலையில் கவிழ்த்தாள். "நீ சுத்துய்யா! உனக்கு எத்தினி சுத்து சுத்தத் தெரியும், காட்டு!" என்றாள்.

அப்பாதுரை வெள்ளை வெளேரென்று நின்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதில் எல்லார் சத்தத்துக்கும் மேலே கேபின் ஏணியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. ஆபரேட்டர் இறங்கி வந்திருந்தார். ஆட்ட நேரத்தில் அவர் கேபினை விட்டு இறங்கியது அது ஒரு தடவைதான்.

சிரித்துவிட்டுப் போய் மிச்ச ஆட்டத்தை ஒழுங்காக ஓட்டி முடித்தார். அதற்குள் சுப்பராயலு முதலாளி ஏணிக்குக் கீழே வந்து நின்றுவிட்டார். "இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார். "செரிங்க" என்று அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டார். அந்தக் கண்ணாடியை மட்டும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

வண்டியோரம் அம்மா என்னை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வந்து எதிரில் நின்றார்.

"ஊருக்குக் கூட்டிக்கினு போயி இந்தக் காதை இன்னா பண்ணுவீங்க? விழுப்புரத்துல பெரியாஸ்பத்திரி இருக்குது. என் சம்சாரம் அங்கதான் இருக்குது. ரெண்டு பேரும் வாங்கோ" என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

"படம் ஓட்டறவன்மா. இந்த அடியில எனக்கும் பங்கு இருக்குது. இருபத்திரண்டு வாட்டி திருப்பித் திருப்பிப் போட்டது நான்தான்."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது. அதை நம்பி மறுநாள் காலை ரயிலேறினோம்.

லூர்துமேரி அண்ணியைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு நோட்டு வேண்டும். வாசலில் எங்களைக் கண்டதும், "வேலையையும் வுட்டுட்டு, கூட ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வந்திருக்குதே இந்த மனுஷன்! மாதாவே, எனக்குன்னு வந்து வாச்சுது பாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி புலம்பினார். புலம்பிக்கொண்டே மூன்று தட்டு போட்டார். நாற்பது நாள் என்னை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார். வரிசையில் நிற்கும்போது யாராவது "உன் புள்ளையா?" என்றால், "பின்ன? பார்த்தா தெரியலியா?" என்று சண்டைக்குப் போவார். சீழ் நின்றது. இடது காதில் பாதிதான் திரும்பி வந்தது. எனக்கு அது போதும்.

அம்மாவுக்கு அண்ணியே ஒரு ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலை பிடித்துக் கொடுத்தார். அண்ணனுக்கு அங்கேயே என்ஜின் வேலை. அதற்குப் பிறகு அவர் கேபின் பக்கமே போகவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பெயரைக் கேட்டு வாத்தியார் சிரித்தபோது, "அவங்கம்மா உசுரைக் கையில புடிச்சிக்கினு வச்ச பேருங்க. அதை மாத்தறதில்ல" என்றார். எட்டாவது வரை படித்தேன். அந்தப் படிப்புதான் என்னைப் பார்சல் ஆபீசில் கொண்டுவந்து சேர்த்தது.

இத்தனைக்குப் பிறகு அவர் சினிமாவை வெறுத்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. சிரிப்புப் படம் வந்தால் முதல் நாள் முதல் ஆட்டம். மாப்பிள்ளையின் வேட்டி அவிழ்ந்தால் சிரிப்பார், மிராசுதார் சேற்றில் வழுக்கினால் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். திரையில் எவனாவது ஒரு சின்னப் பையனைப் போட்டு அடிக்க ஆரம்பித்தால் மட்டும் எழுந்து வெளியே போய் ஒரு பீடி பற்ற வைத்துக்கொள்வார். தியேட்டர் கேட்டில் நிற்கிற அரங்கநாதனுக்கு அது அத்துப்படி. "அண்ணன் வெளிய வந்துட்டாருடா, உள்ள எவனோ பையனைச் சாத்தறான்" என்பான். ஒரே படத்துக்கு அவர் நாலு பீடி பிடித்ததும் உண்டு.

ஒருநாள் அவனே கேட்டான். "ஏண்ணே, பெரியவன் அடி வாங்கனா சிரிக்கறீங்கோ, சின்னவன் வாங்கனா மட்டும் எழுந்துடறீங்களே, இது இன்னா நியாயம்?"

"பெரியவன் திருப்பி அடிப்பான், இல்லன்னா வேலையை வுட்டுட்டுப் போவான். பொடியன் எங்கடா போவான்?" என்றார் அண்ணன். "ஒரு தெருவுல நூறு பேரு இதைப் பாத்துட்டுச் சிரிச்சிக்கினு வூட்டுக்குப் போறான். அதுல ஒருத்தன் வூட்டுல ஒரு எடுபிடிப் பையன் இருப்பான். அவனுக்கு வலிச்சாக்கூட இனிமே தமாஷு. எனக்கு அந்த ஒருத்தன்தான் ஞாபகம் வர்றான்."

அரங்கநாதன் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. அவனும் ஒரு பீடி வாங்கிக்கொண்டான்.

ஆனால் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவே இல்லை. நான் நன்றி என்று வாயைத் திறந்தால் போதும், அவர் எண்ணிக்கையை எடுத்துவிடுவார். "இருபத்திரண்டு வாட்டிடா. சிரிச்சிக்கினு திருப்பிப் போட்டேன்டா" என்பார். என் கல்யாணத்தன்றுகூட, தாலி கட்டி முடித்துக் காலில் விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி, என் இடது காதை ஒரு தடவை தடவிவிட்டு, அதையே சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்திமூணாவது வாட்டி போடலையே, அதைச் சொல்லுங்களேன்!" என்று கத்தினேன். கேட்கவில்லை. அந்தக் கண்ணாடியை வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சில நாள் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். "இவன் யாரு பெத்த புள்ளையோ, இவனை எவன் வந்து கூட்டிக்கினு போனானோ" என்பார்.

அறுபத்தெட்டில், பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். என் மகனுக்கு அப்போது நாலு வயது. அவனுக்கும் சவுரி என்றுதான் பெயர். தரையில் உட்கார்ந்து மல்லாட்டையை உரித்து, தோலை அண்ணனின் மடியிலேயே போட்டுக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே கொடியில் துண்டு தொங்கியது. கை கழுவிவிட்டு வந்த நான், துண்டை எடுப்பதற்காக விசுக்கென்று கையை ஓங்கினேன்.

அண்ணனுக்குத்தான் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் சட்டென்று பையனின் தோளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

தோள் அசையவில்லை. பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மல்லாட்டையைப் பல்லால் கடித்து உடைத்து, "தாத்தா, இந்தா, இதுல மூணு பருப்பு" என்று நீட்டினான்.

அண்ணன் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. அதற்கப்புறம் இருபத்திரண்டு என்ற சொல்லை நான் அவர் வாயிலிருந்து கேட்கவே இல்லை.